என் தேக்சாவை என் மக ஏத்துவா

1

ஜெனி, லியோ, இது உங்கள் இரண்டு பேருக்கும். ஜெனி, நீ எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவாய். லியோ, உனக்கு அக்கா வாசித்துக் காட்டுவாள். பாதியில் எழுந்து ஓடாமல் செத்த நேரம் உட்கார்ந்து கேள். உங்கள் அப்பா பத்தாவது முடித்து ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் இருக்கட்டும். முடித்ததும் இதை அப்படியே நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப் போகிறேன். அவர்களும் வாசிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் பால் பவுடர் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து போனைத் திறந்தால், குரூப்பில் ஒரு படம். போன வருஷம் ஊரில் மாதா கோயில் திருவிழா அன்று எடுத்தது. பந்திக்கு ஆக்குகிற பெரிய பாத்திரம், அடிப்பிடித்த பிரியாணி தேக்சா. பக்கத்தில் கரண்டியும் கையுமாக ஜெனி, நெற்றியெல்லாம் கரி. அடியில் எழுதியிருந்தார்கள்: "நியூசிலாந்து பிரியாணி, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி." சிரிப்பு பொம்மைகள் வரிசையாக. கடைசியில் உங்கள் பெரியப்பா குரல் பதிவு: "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை திருவிழாவுக்கு ரெண்டு தேக்சாவையும் நானே ஏத்திக்கிறேன்ப்பா. யாரும் பயப்பட வேணாம்."

நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். நினைவஞ்சலி என்று போட்டவன் குசும்புக்காரன். ஆனால் நேற்று சனிக்கிழமை. நம் வீட்டில் சனிக்கிழமை என்றால் ஜெனி சமையல். மத்தியானம் வரைக்கும் அடுப்படியில் சத்தமே இல்லை. வந்து பார்த்தால், ஜெனி, நீ "டோஸ்ட் போதும்ப்பா" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். லியோ வந்து என்னிடம் ரகசியமாக, இங்கிலீஷில், அக்கா இனிமேல் சமைக்க மாட்டாளாம் என்றான்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பேசினால் நீங்கள் பதில் சொல்லி என்னை மடக்கிவிடுவீர்கள்.

2

ஆறு வருஷத்துக்கு முன் நியூசிலாந்து வந்த புதிதில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிப்ட். எனக்குச் சமைக்கத் தெரிந்தது ரசமும் முட்டையும். ஒரு வாரம் ரசம் முட்டை, மறு வாரம் முட்டை ரசம். ஜெனி, உனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா, நேத்து இதைத்தான் சாப்பிட்டோம், நாளைக்கும் இதைத்தான் சாப்பிடப் போறோம், அப்ப இன்னைக்காச்சும் மாத்தலாம்ல" என்றாய். மறுநாளே ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுவிட்டாய்.

என்னென்ன கூத்து! கேக் தட்டில் இட்லி ஊற்றி, அதை ஓவனில் வைத்து, செங்கல்லாக எடுத்தோம். கருவாட்டை வறுத்தபோது புகை அலாரம் கத்த, லியோ துண்டை எடுத்து அதற்கு விசிறினான். அன்றிலிருந்து நம் வீட்டில் கருவாடு வறுப்பதென்றால் லியோ துண்டோடு தயாராக நிற்பான். அது அவன் வேலை.

கறிக்கடை நினைவிருக்கிறதா? இங்கே கறியை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டித் தருகிறார்கள். நம் திண்டுக்கல் பக்கத்துப் பிரியாணிக்குக் கறித்துண்டு பொடிசாக இருக்கணும். எனக்கு இங்கிலீஷ் தடுமாறும் என்று நீயே முன்னால் போய்க் கட்டைவிரலைக் காட்டி, இந்த நகம் அளவுக்கு வெட்டுங்கள் என்றாய். கடைக்காரர் நல்ல மனிதர். "நாய்க்கா?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் அசரவில்லை. "இல்லை, எங்க அப்பாவுக்கு" என்றாய். நான் பின்னால் நின்று தலையை ஆட்டினேன். இன்றுவரை அந்தக் கடையில் நான் போனாலே கேட்காமல் பொடிசாக வெட்டிவிடுகிறார்.

ஏர்போர்ட்டையும் சொல்லணும். இந்த நாட்டுக்குள் ஒரு இலை, ஒரு விதை கொண்டு வரக்கூடாது. ஒரு தடவை ஊரிலிருந்து திரும்பும்போது உன் பையில் ஒரு கொத்து கறிவேப்பிலை. நீயே எடுத்து அதிகாரி முன்னால் வைத்துவிட்டாய். அவர் குப்பைத் தொட்டியைத் திறந்தார். "ஒரே ஒரு தடவை மோந்துக்கிறேன்" என்று கேட்டு, கண்ணை மூடி மோந்துவிட்டுத்தான் கொடுத்தாய். அவர் அதைத் தொட்டியில் போடும் முன் தானும் ஒருமுறை மோந்து பார்த்தார். நான் பார்த்தேன்.

ஊரில் சிலர் கேட்கிறார்கள், அங்கே போய்ப் பிள்ளைகள் நம் ருசியை மறந்திருக்குமே என்று. லியோ காரம் தின்ன மாட்டான். கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில்தான் பதில். அது வாஸ்தவம். சீரகச் சம்பா இங்கே கிடைக்காது, கிடைக்கிற அரிசியில் வைக்கிறோம். அதுவும் வாஸ்தவம். ஊர் ருசி வரவில்லை என்கிறார்கள். வராதுதான். ஜெனி வைத்தால் ஜெனி ருசி வரும். அதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்கணும்?

3

இப்போது தேக்சா விஷயம். உங்களுக்கு முழுசாகத் தெரியாது.

சாணார்பட்டிப் பக்கம் இருக்கிற நம் ஊரில் திருவிழாவுக்கு ஒரு வழக்கம். ஒரு வீட்டில் எத்தனை அண்ணன் தம்பியோ அத்தனை தேக்சா வாசலில் அடுப்பேறும். வருஷம் முழுக்கத் தனித்தனிச் சமையல் என்றாலும் அன்றைக்கு ஒரே பந்தல், ஒரே பந்தி. தேக்சாவின் கழுத்தில் யார் பேர் வெட்டியிருக்கிறதோ அவன் வீட்டார்தான் அதை ஏற்றி இறக்கணும். நம் வீட்டில் இரண்டு. ஒன்றில் "அருளப்பன்", அது பெரியப்பா. இன்னொன்றில் "சேவியர்", அது நான். எங்கள் கல்யாணத்தப்போ உங்கள் தாத்தா திண்டுக்கல் பாத்திரக் கடையில் வாங்கிப் பேர் வெட்டிக் கொடுத்தது. மற்ற நாளெல்லாம் பரணில் கவிழ்ந்து கிடக்கும்.

நான் வெளிநாடு வந்த பிறகு என் தேக்சாவையும் பெரியப்பாவே ஏற்றினார். அவர் கைப்பக்குவத்துக்குச் சுற்று வட்டாரத்தில் ஆள் இல்லை. அதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

போன வருஷம் நாம் நாலு பேரும் போயிருந்தோமே, திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரியப்பா கறிக்குச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏலே சேவியரு, உன் தேக்சாவையும் நானே ஏத்திர்றேன். நீ வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்லு, போதும்."

"இல்லண்ணே. இந்த வருஷம் என் தேக்சாவை என் மக ஏத்துவா."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தார். "எந்த மக?"

"எனக்கு இருக்கிறது ஒரு மகதான மதினி."

"அட ஆண்டவரே! காலைல காப்பிக்குச் சீனி டப்பா எதுன்னு எங்கிட்ட கேட்ட புள்ளையா?"

"சீனி டப்பா எதுன்னு தெரியாது. நாலு படி அரிசிக்கு உப்பு எம்புட்டுன்னு தெரியும்."

பெரியப்பா சிரித்தார். "அப்பு, விளையாடாத. என் மகளக் கட்டிக் குடுத்த சம்பந்தி வீட்டு ஆளுக வாராக. நாப்பது இலை. ஆம்பளப் பயலுகளே அனல் தாங்காம ஓடுறான். இந்தப் புள்ள கேஸ் அடுப்புல பொம்மச் சட்டி வச்சுப் பழகுனது."

நீ அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தாய். "பெரியப்பா, நான் ஓட மாட்டேன்."

"கெட்டுப்போச்சுன்னா தாயி?"

நீ என்னைப் பார்த்தாய். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, "கெட்டுப்போச்சுன்னா அந்த தேக்சா உங்களுதுண்ணே. என் பேர அழிச்சுட்டு உங்க பேர வெட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மா என் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். பெரியப்பா எழுந்து, "எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. பேச்சு பேச்சா இருக்கணும்" என்றார்.

4

காலையில் பூசை முடிந்து வந்ததும் செங்கல் அடுப்புகள் பக்கம் பக்கமாக எரிந்தன. லியோ, நீ நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்தாய். தெருவே வந்து பார்த்தது. "ஏலே, கெணத்துல குதிக்கப் போறியா, வெங்காயம் உரிக்கப் போறியா?" என்று கேட்டார் பெரியம்மா. கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே வந்து, "செத்த நேரம் அதக் குடு சாமி" என்று வாங்கி மாட்டிக்கொண்டார். ஊரில் அதற்குத் தனியாகப் படம் எடுத்திருக்கணும். எடுக்கவில்லை.

ஜெனி, நீ வதக்கியது அழகு. பட்டை கிராம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு, தயிர், கறி, ஒவ்வொன்றும் எண்ணெய் பிரிந்த பிறகே அடுத்தது. உப்பு போட்டு, நக்கிப் பார்த்து, சரி என்றாய். பெரியப்பா தன் தேக்சாவைக் கிண்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் குறை சொல்லாததே பெரிய விஷயம்.

அப்புறம் தண்ணி.

நம் ஊரில் இரண்டு தண்ணி உண்டு. நல்ல தண்ணி எப்போதாவது குழாயில் வரும். பிடித்து நீல டிரம்மில் மூடி வைப்பார்கள். குடிக்கவும் உலை வைக்கவும் அதுதான். போர்த் தண்ணி வாசல் குழாயில் எந்நேரமும் வரும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். துவைக்கவும் கழுவவும் அது. நடை பழகும் குழந்தைக்கும் இது தெரியும். தெரியும் என்பதாலேயே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நீ வளர்ந்த ஊரில் குளிக்கிறதும் குடிக்கிறதும் ஒரே தண்ணி. எந்தக் குழாயைத் திறந்தாலும் வாயை வைத்துக் குடிக்கலாம். நான் விறகு எடுக்கப் போன நேரத்தில் நீ வாசல் குழாயில் மாட்டியிருந்த ஓஸ் பைப்பைப் பிடித்து தேக்சாவுக்குள் விட்டுவிட்டாய்.

நான் வந்தபோது தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி போடுவதற்கு முன் நீ ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாய். உன் முகம் மாறியது. "அப்பா, உப்பு ஜாஸ்தி. நான் சரியாத்தான் போட்டேன்."

நானும் நாக்கில் வைத்தேன். பெரியப்பா ஓஸ் பைப்பையும் தேக்சாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "போர்த் தண்ணிய ஊத்திருச்சுடோய்!"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். யாரோ, "உப்பு வாங்குற செலவு மிச்சம்" என்றார்கள். பெரியப்பா கரண்டியை வைத்துவிட்டு வந்தார். "விடு தாயி. கொட்டிருவோம். என் தேக்சாவுலயே அரிசியக் கூட்டிப் போட்டுச் சமாளிச்சிருவேன்."

அவர் அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. நாப்பது இலையை நினைத்துச் சொன்னார். ஆனால் நீ தேக்சாவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாய். கண்ணில் தண்ணி, புகையா அழுகையா தெரியவில்லை. "கறியைக் கொட்டக் கூடாது பெரியப்பா. தண்ணிதான் தப்பு. கறி என்ன பண்ணுச்சு?"

அதன்பிறகு நீ கொடுத்த உத்தரவு எல்லாம் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "அம்மா, குக்கர்ல நல்ல தண்ணில பருப்பு வை. உப்புப் போடாத. லியோ, கத்தரிக்காய் எல்லாத்தையும் நாலா வெட்டு. அப்பா, பெரிய கரண்டி." அந்த உப்புச் சாற்றில் முக்கால்வாசியை மொண்டு வேறு அண்டாவில் ஊற்றினாய். தேக்சாவுக்கு டிரம் தண்ணி வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, அரிசி இறங்கியது. மொண்டு எடுத்த சாற்றில் கத்தரிக்காயும் பருப்பும் புளியும் போட்டுக் கொதிக்க வைத்தாய். தால்சா! இங்கே சனிக்கிழமை சனிக்கிழமை நாம் பிரியாணிக்குத் தொட்டுக்க வைப்போமே, அதேதான். இதில் உப்பு தனியாகப் போட வேண்டிய வேலை இல்லை, அம்புட்டுத்தான். நான் அனலில் நின்றேன், அம்மா குக்கருக்கு ஓடினாள், லியோ கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு கத்தரிக்காய் வெட்டினான்.

இரண்டு அடுப்பைப் பார்த்த அவசரத்தில் தேக்சாவுக்கு அடியில் தணலை இழுத்துவிட மறந்துபோனோம். தம் போட்டிருக்கும்போதே லேசாகக் கருகல் வாசம் வந்துவிட்டது.

5

பந்தியில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். உன் பிரியாணி வெளுத்துத்தான் இருந்தது. மசாலாவில் முக்கால்வாசி சாற்றோடு போய்விட்டதே. முதல் பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன சின்னச் சம்பந்தி, ஆஸ்பத்திரிச் சோறு கணக்கா இருக்கு?" என்றார். நீ என் பக்கத்தில்தான் வாளியோடு நின்றாய். வாளியில் தால்சா. அவர் இலையில் ஒரு கரண்டி ஊற்றினாய்.

பிசைந்தார். தின்றார். தலையைத் தூக்காமல், "அந்த வெஞ்சனத்த இங்கிட்டு இன்னொரு கரண்டி விடு" என்றார். அப்புறம் எதிர் வரிசையிலிருந்து கை நீண்டது. பெரியப்பா தேக்சாப் பிரியாணியைத் தின்றவர்களும் கேட்டார்கள். இரண்டாவது பந்தி பாதியிலேயே அண்டா காலி. பெரியம்மா முதலிலேயே ஒரு தூக்குவாளியில் எடுத்து உள்ளே ஒளித்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். அதையும் இந்தக் குரூப்பில் போட்டுவிடுகிறேன்.

பாத்திரம் ஒழிக்கும்போது தேக்சாவைச் சாய்த்தார்கள். அடியில் கருப்பாகப் படிந்திருந்தது. அப்போதுதான் அந்தப் படத்தை எடுத்தார்கள். அதில் தேக்சா இருக்கிறது. அண்டா இல்லை. காலி அண்டாவை யார் படம் எடுப்பார்கள்?

சாயங்காலம் பெரியப்பா உன் கையைப் பிடித்துப் பார்த்து, மணிக்கட்டில் சுட்ட இடத்தில் மருந்து போட்டுவிட்டார். போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தம்பி, பேச்சு பேச்சுதான். அடி பிடிச்சது பிடிச்சதுதான். அடுத்த வருஷம் அது என் தேக்சா."

"எந்த இலைண்ணே வயிறு நிறையாம எந்திரிச்சது?"

"பந்தயம் இலைக்கு இல்லப்பா, தேக்சாவுக்கு."

"கெட்டுப்போச்சுன்னாத்தான் உங்களுது. கெட்டதுன்னா கொட்டியிருக்கணும். ஒரு பருக்கை கொட்டல. அடிக் கருகல் தவிர அம்புட்டும் வயித்துக்குள்ள இருக்கு."

"வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவன்" என்று எழுந்து போனார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விடவில்லை.

மாடிப்படி ஏறும்போது நீ கேட்டாய்: "அப்பா, நம்ம தேக்சா போயிருச்சா?" நான் தூங்கு தூங்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு வருஷமாக நீ அந்தக் கேள்வியை மனதில் வைத்திருப்பாய் என்று நேற்றுச் சாத்திய கதவைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

6

இப்போது பதில் சொல்கிறேன். போகவில்லை.

பெரியப்பா வாசிக்கட்டும், நினைவஞ்சலி போட்டவனும் வாசிக்கட்டும். என் மகளுக்கு எந்தக் குழாயில் நல்ல தண்ணி வரும் என்று தெரியாமல் போனது அவள் குற்றம் இல்லை. இப்போது தெரியும், இனி மறக்காது. ஊர்த் தண்ணி தெரியாதவள் ஊர் தேக்சாவைத் தொடக்கூடாது என்றால், தொடாமல் அவள் எப்படித் தெரிந்துகொள்வாள்? அடி பிடிக்காத தேக்சா பரணில் கிடக்கிற தேக்சாதான். அடுத்த வருஷம் நாம் போகிறோம், அதற்கு நான் இப்போதே லீவு கேட்டுவிட்டேன். ஜெனி ஏற்றுவாள். இந்த வருஷத் திருவிழாவுக்கு நாம் இங்கே இருப்பதால், அண்ணே, நீங்கள் ஏற்றுங்கள். ஆனால் பரணிலிருந்து இறக்கும்போது அது யார் தேக்சா என்று பார்த்து இறக்குங்கள்.

திருவிழாவுக்கு மறுநாள் உங்கள் இரண்டு பேரையும் அம்மா திண்டுக்கல்லுக்குச் சட்டை துணி எடுக்கக் கூட்டிப் போயிருந்தாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். நான் தேக்சாவைக் கொல்லைக்கு உருட்டிக்கொண்டு போனேன். மணலும் புளியும் போட்டு அடியைத் தேய்த்தேன். கை எரிய எரியத் தேய்த்தேன். கருப்புப் போய் வெள்ளை தெரிந்தது. ஒரு சின்ன வட்டம் மட்டும் போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாலு இஞ்ச் ஆணியும் சுத்தியலும் எடுத்து, தேக்சாவை மடியில் சாய்த்துக்கொண்டு, கழுத்தில் "சேவியர்" என்று இருந்ததற்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டினேன். ஐடிஐயில் இரும்பில் எண் அடித்துப் பழகிய கை, ஆனாலும் "னி"யின் வளைவு கொஞ்சம் கோணலாகிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன். "ஜெனி". கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்கும் தட்டுப்பட்டது.

ஏணியைப் போட்டுப் பரணில் ஏறி, பெரியப்பா பேர் இருந்த தேக்சாவுக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்தேன். பேர் ஏணிப் பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு இறங்கினேன்.